விலை பேசத் தெரிந்த அரசு

(ஆனைமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவமனையை அரசே நடத்த வேண்டுமா, நடத்துவதைப் பிறரிடம் விட்டுவிட்டுச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதாதா என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். பெருநகர அரங்குகளில் இதைப் பேசத் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் கட்சிச் சண்டையாகிவிடும். ஆனைமலையில் வைத்துப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. உலகம் முழுவதும் மருத்துவத்தை நடத்திப் பார்த்த வழிகள் எல்லாமே இந்த ஊரைச் சுற்றி ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் கிடைக்கின்றன. மலைமேல் வால்பாறையில் தோட்ட முதலாளி நடத்தும் ஆஸ்பத்திரி. வடக்கே மில் பகுதிகளில் தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டி நடக்கும் இ.எஸ்.ஐ. கோவை நகரில் அறக்கட்டளைகளும் மருத்துவர்களும் கட்டியெழுப்பிய பெரிய தனியார் மருத்துவமனைகள். இவற்றுக்கு நடுவே அரசின் துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், பொள்ளாச்சி ஜி.எச்., கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று படிப்படியாக ஏறிப்போகும் வரிசை. எது யாருக்கு எப்போது கைகொடுத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

மலையிலிருந்து தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலைத் தொடரில் காடு வெட்டித் தோட்டம் போட்டபோது, மேலே ஏறிய கூலிகளைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்தியது மலேரியா. ஆள் செத்தால் கொழுந்து பறிக்க ஆளில்லை என்பதால் தோட்டங்கள் கொயினா கொடுத்தன, கொசு ஒழித்தன, ஆஸ்பத்திரி கட்டின. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதைக் கடமையாகவே ஆக்கியது. பல தலைமுறைகளுக்கு அந்த ஆஸ்பத்திரிகள்தாம் மலை மக்களின் உயிர்நாடி. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் அந்த ஏற்பாட்டின் அச்சாணி நோயாளி அல்ல, தோட்டத்தின் லாபம். 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்து, ஆட்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கத் தொடங்கியதும் தோட்ட ஆஸ்பத்திரியும் சேர்ந்து மெலிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தோட்டக் கணக்கில் பெயர் இல்லாதவர், பக்கத்துக் காட்டில் வாழும் காடர், முதுவர், மலசர் ஆகியோருக்கு அது எப்போதும் முழு உரிமையாக இருந்ததில்லை. வேலை போனால் மருத்துவமும் போகும் என்ற நிலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கி வந்து சேர்ந்தால் கிடைப்பது அரசு ஆஸ்பத்திரிதான்.

இ.எஸ்.ஐ. இதைவிட நாகரிகமான ஏற்பாடு. தமிழ்நாட்டில் முதன்முதலில் கோவையில்தான், 1955இல் அது நடைமுறைக்கு வந்தது. பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற பயன்களில் அதுவும் ஒன்று. இன்றும் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி இல்லையென்றால் பல மில் குடும்பங்கள் கடனில் மூழ்கியிருக்கும். கொரோனாக் காலத்தில் கோவை மாவட்டத்தின் முதன்மைச் சிகிச்சை மையமாக மாற்றப்பட்டதும் அந்த ஆஸ்பத்திரியே. ஆனாலும் இ.எஸ்.ஐ. வாசலில் ஒரு சல்லடை இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வேலை செய்யும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், முதலாளி சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். தேங்காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், சிறு களங்களில் கொப்பரை காயவைக்கும் பெண்கள், வயல் கூலிகள் என்று இந்த வட்டாரத்தில் உழைப்பவர்களில் பெரும் பகுதியினர் அந்தச் சல்லடையில் நிற்பதில்லை.

ஆக, முதலாளி நடத்தும் மருத்துவம் வேலையோடு முடிகிறது, சந்தா மருத்துவம் சம்பளச் சீட்டோடு முடிகிறது. இருக்கட்டும், மற்றவர்கள் சந்தையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். இங்கே ஆனைமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கிறது. விவசாயி தன் சரக்கு முதல் தரமா இரண்டாம் தரமா என்று அறிந்தே கொண்டு வருகிறார். வியாபாரி கையில் எடுத்து உடைத்துப் பார்த்து விலை சொல்கிறார். கட்டுப்படியாகாவிட்டால் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய் அடுத்த வாரம் வரலாம். இப்போது நெஞ்சு வலியோடு தூக்கிவரப்பட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தம் சரக்கு தெரியாது, தேவை என்ன என்பதும் தெரியாது. அதைச் சொல்பவரே விற்பவராகவும் இருக்கிறார். அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பவும் முடியாது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான்: நோய் எப்போது வரும் என்பதும், சிகிச்சை பலிக்குமா என்பதும் நிச்சயமில்லாத இடத்தில், விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில், சாதாரணச் சந்தை விதிகள் வேலை செய்வதில்லை. ஆரோ சோஷலிஸ்ட் மேடைப் பேச்சாளர் அல்லர். பிற்காலத்தில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

இதை ஏற்பவர்களிலும் நிறையப் பேர் அடுத்த அடியில் நின்றுவிடுகிறார்கள். “சந்தை தனியே விட்டால் ஏமாற்றும், சரி. அதற்காக அரசு ஏன் கட்டில் போட்டு, ஊசி வாங்கி, நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்? சட்டம் போட்டுக் கண்காணிக்கட்டும். ஏழைகளுக்குக் காப்பீட்டு அட்டை கொடுக்கட்டும். நடத்துவதைத் தெரிந்தவர்கள் நடத்தட்டும்.” இதுதான் இன்று மிகவும் செல்வாக்குப் பெற்ற வாதம். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. என் மறுப்பு முழுவதும் இந்த வாதத்தை நோக்கியதுதான். கண்காணிப்பது எளிது, நடத்துவது கடினம் என்று இவர்கள் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு நேர்மாறு. இங்கே அரசு நன்றாகச் செய்தது நடத்தும் வேலையை. திணறியது கண்காணிக்கும் வேலையில்.

இரண்டு தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997இல் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்துக்கான விதிகள் அறிவிக்கப்பட்டது 2018இல். இருபத்தொரு ஆண்டுகள் சட்டம் புத்தகத்தில் இருந்தது, விதி இல்லாததால் கையில் இல்லை. அந்தச் சட்டத்துக்கு மூன்றாண்டுகள் முன்னால், மருந்துக் கொள்முதலில் முறைகேடுகள் வெளிப்பட்ட சூழலில், 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் அது மருந்து வழங்கத் தொடங்கிவிட்டது. ஒரே மாநிலம், ஏறக்குறைய அதே அதிகாரிகள், அதே சட்டமன்றம். ஒன்று ஆறு மாதத்தில் நடந்தது, மற்றொன்றுக்கு ஒரு தலைமுறை ஆயிற்று. இது தற்செயல் அல்ல. கண்காணிக்கப் போகிறவர் ஆயிரக்கணக்கான கிளினிக்குகளுக்குள் நுழைந்து, எதிர்ப்பவர்களைச் சமாளித்து, தமக்குத் தெரியாத கணக்கைத் தெரிந்தவர்களிடமே கேட்டுப் பெற வேண்டும். தாமே நடத்துகிறவருக்குக் கணக்கு மேசைமேல் இருக்கிறது.

அந்தக் கழகம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு என்னென்ன மருந்து தேவை என்று ஓர் அத்தியாவசியப் பட்டியல் உண்டு. அதில் இருப்பவை மருந்தின் வேதிப் பெயர்கள், கம்பெனிப் பெயர்கள் அல்ல. ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் வர வேண்டும். முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறை பிரிக்கப்படுவதே இல்லை. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி அடையாளத்தை நீக்கி, ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யார் தயாரித்த மாத்திரையைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறிய பிறகுதான் அது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக் தரப்பட்டது. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டு வர வேண்டும். இந்த மருந்து எங்களுக்கு வேண்டாம், அதற்குப் பதில் இது வேண்டும் என்று கேட்கும் உரிமை ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கு வந்தது அந்தப் பாஸ்புக்கால்தான். மாத்திரை அட்டையில் அரசு முத்திரையை அச்சிட்டதால் வெளிக்கடைக்குக் கடத்தி விற்பதும் எளிதாக இல்லாமல் போனது. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு தத்தம் கழகங்களை அமைத்தபோது பார்த்துக் கற்றது இந்த ஏற்பாட்டைத்தான். இதே கழகம் அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேனை 500 ரூபாய்க்கும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனை 2,500 ரூபாய்க்கும் எடுத்துத் தந்தது. ஒரு ஸ்கேன் எவ்வளவுக்கு எடுக்க முடியும் என்ற அளவுகோல் ஒன்று அப்படித்தான் ஊருக்குக் கிடைத்தது. அந்த அளவுகோல் இல்லாவிட்டால் எட்டாயிரம் என்றாலும் பத்தாயிரம் என்றாலும் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை.

உறுப்பு மாற்றுச் சிகிச்சையிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பதிவேட்டைத் தமிழ்நாடு அரசு 2008 முதல் தானே நடத்துகிறது. அறுவைச் சிகிச்சையைச் செய்வதில் தனியாருக்கும் பங்கு உண்டு. ஆனால் யாருக்கு முன்னுரிமை என்ற பட்டியல் அரசின் கையில். உயிரோடு இருப்பவர் கொடுக்கும் சிறுநீரகத்தில் நிலைமை வேறு. அங்கே அரசு அனுமதி கொடுக்கும் குழுவாக மட்டும் நிற்கிறது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி வெளிவந்தபோது, காகிதத்தில் எல்லா அனுமதியும் இருந்தது எப்படி என்று கொங்கு நாடே கேட்டது. பட்டியலை நடத்திய இடத்தில் இந்தக் கேள்வி எழவில்லை, கையொப்பம் மட்டும் போட்ட இடத்தில்தான் எழுந்தது.

இனி அட்டைக்கு வருவோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018க்குப் பிறகு ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தரும் அந்த அட்டை வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்கு ஆடு மாட்டையும் அரை ஏக்கரையும் விற்ற குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. கேள்வி வேறு: அட்டை இருந்தால் ஆஸ்பத்திரி தேவையில்லையா? அட்டை படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான் உதவும். இருபது வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு அது உதவாது. இந்தியக் குடும்பங்கள் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் மிகப் பெரிய பங்கு மருந்துக் கடைக்குத்தான் போகிறது. 2021இல் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. அதைக் கொண்டு சேர்க்க ஆள் வேண்டும், மருந்துக் கிடங்கு வேண்டும், ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு என்ற பதிவேடு வேண்டும். இவை எல்லாம் நடத்துகிறவரிடம் மட்டும் இருப்பவை.

தென்னந்தோப்பில் இருட்டில் தண்ணீர் திருப்பப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது என்று வையுங்கள். அவருக்குத் தேவை ஐந்து லட்சம் ரூபாய் அட்டை அல்ல. அருகில், உடனே, எட்டுப் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து. எப்போது தேவைப்படும் என்று தெரியாத, காலாவதி ஆகிவிடக்கூடிய அந்த மருந்தை வாங்கி வைத்துக் காத்திருப்பதில் எந்தத் தனியார் கிளினிக்குக்கும் லாபம் இல்லை. அதைச் செய்யவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையம் அதை வைத்துக் காத்திருக்கிறது. காத்திருப்பது அதன் வேலை. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷத்திலிருந்து அந்த மருந்து தயாராகிறது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றில் ஒன்றாகத் தமிழ்நாடு 2024இல் சேர்த்தது. அதற்குக் கைகொடுத்தது 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் அது. இந்தியாவின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதுவே.

பிரசவத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸுகளை முறைவைத்து நியமித்து இரவும் பகலும் திறந்து வைத்தது இதற்கு முக்கியக் காரணம். உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை 2018-20இல் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சிசேரியன் விகிதம் அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு, தனியாரில் 63.8 விழுக்காடு. சிக்கலான கேஸ்கள் கடைசி நேரத்தில் எங்கிருந்து எங்கே அனுப்பப்படுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். கோவையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆபத்தான நிலையில் வருபவர்கள் கோவை அரசு மருத்துவமனையின் வாசலில்தான் இறங்குகிறார்கள். சிக்கல் அதிகம் சேரும் இடத்தில் கத்தி குறைவாகவும், சிக்கல் குறைவான இடத்தில் கத்தி அதிகமாகவும் இருப்பதற்குத் தாய்மாரின் உடல் காரணமாக முடியாது. நாள் நட்சத்திரம் பார்க்கும் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரம் பார்ப்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதில் எந்த மருத்துவருக்கு வருமானம் குறையாதோ அவரால்தான் அதைச் சொல்ல முடியும். அரசு மருத்துவமனையின் 36 விழுக்காடும் மெச்சத்தக்க எண் அல்ல. அது தனிக் கவலை.

அரசின் குறையைப் பேசாமல் அரசுக்காக வாதாடுவது வக்கீல் வேலையாகிவிடும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. நாட்டின் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியைத் தயாரித்த அரசு நிறுவனம். உற்பத்தித் தரவிதிகளுக்கு ஏற்பப் புதுப்பிக்கப்படவில்லை என்று சொல்லி 2008 ஜனவரியில் அதன் உரிமத்தை ஒன்றிய அரசு நிறுத்தியது. தடுப்பூசி தயாரித்த மற்ற அரசு நிறுவனங்களான கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்துக்கும் கசௌலி நிறுவனத்துக்கும் அதே கதி. புதுப்பிக்கப் பணம் கொடுக்க வேண்டியிருந்த அரசே, புதுப்பிக்கவில்லை என்று மூடியது. அதன் பிறகு தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு வந்தது, தனியாரிடம் கொடுத்த விலையும் ஏறியது. 2010இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ‘அரசு நடத்தினால் இப்படித்தான்’ என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ‘அரசு நடத்துவதை விட்டால் இப்படித்தான்’ என்று சொல்லவும் இதே சாட்சிதான். தானே தயாரித்துக்கொண்டிருந்த வரை ஓர் ஊசியின் அடக்க விலை அரசுக்குத் தெரிந்திருந்தது. கதவைச் சாத்தியதும் பேரத்தில் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

‘ஜி.எச்.சுக்குப் போனால் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்’ என்பது எல்லாவற்றையும்விட வலிமையான ஆட்சேபம். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க ஒரு வரிசை. பிறந்த குழந்தையைக் காட்ட ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று கை நீட்டும் வழக்கம் எத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்தும் ஒழியவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் யார் யாரை நடத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2015இல் தேர்வெழுதித் தேறிச் சேர்ந்த செவிலியர்களை அரசு மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வைத்திருந்தது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்து, 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். 2019இல் அரசு மருத்துவர்கள் ஊதியத்துக்காக ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தன் ஆட்களைத் தினக்கூலி போல நடத்தும் நிர்வாகம், அவர்கள் நோயாளியை விருந்தாளி போல நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்யலாம். காலையில் வரிசையில் பார்த்த நோயாளியை மாலையில் கிளினிக்கில் பார்ப்பதில் அடங்கியிருக்கும் ஆசை, நேர்மையானவரையும் சோதிக்கும். முழுநேரப் பணிக்குத் தக்க சம்பளம் கொடுத்து இந்த வாசலை அடைக்க வேண்டும் என்பது என் கருத்து. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் வெளியான போர் (Bhore) குழு அறிக்கை அரசு மருத்துவர்களுக்குத் தனித் தொழில் கூடாது என்றே பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் சென்னையின் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் ஓர் உறுப்பினர்.

மருத்துவரைக் கிராமத்துக்கு வரவழைப்பது எப்படி என்ற கேள்விக்கும் தமிழ்நாடு ஒரு விடை கண்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றியவர்களுக்குப் பட்டமேற்படிப்பு இடங்களில் ஒதுக்கீடு. இதை மாநிலங்கள் வழங்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்து முடித்தவர் அரசு மருத்துவமனைக்கே நிபுணராகத் திரும்பி வர வேண்டும். இங்கே மருத்துவக் கல்லூரி, கிராம நிலையம், மாவட்ட ஆஸ்பத்திரி மூன்றும் ஒரே கையில் இருப்பதால்தான் இந்தச் சங்கிலி சாத்தியம். அட்டை மட்டும் கொடுக்கும் அரசால் யாரையும் வால்பாறைக்கு அனுப்ப முடியாது.

அரவிந்த் கண் மருத்துவமனையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. இன்று கோவையிலும் கிளை. அரசு நிறுவனம் அல்ல, இருந்தும் ஏழைக்கு இலவசமாகக் கண் திறக்கிறது. 108 ஆம்புலன்ஸும் 2008இலிருந்து அரசு பணம் கொடுக்க, வெளி அமைப்பு ஒன்று ஓட்டுவதுதான். அதுவும் நன்றாகவே ஓடுகிறது. ஆக, வெளியே கொடுத்தால் எல்லாம் கெடும் என்பது என் கட்சியல்ல. கண்புரை திட்டமிட்டுச் செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை. எத்தனை கண், எத்தனை பேருக்குப் பார்வை திரும்பியது என்று எண்ணலாம். ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று எண்ணலாம். எண்ணிப் பார்க்க முடிந்ததை ஒப்பந்தத்தில் எழுதலாம், எழுதியதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் இந்தத் தாய்க்குச் சிசேரியன் தேவையா, இந்த நெஞ்சுக்கு ஸ்டென்ட் தேவையா, இந்தக் காய்ச்சலுக்கு ஐ.சி.யூ. தேவையா என்பவற்றை எந்த ஒப்பந்தத்தாலும் எழுத முடியாது. வெங்கடசாமி போன்றவர்கள் அபூர்வமாகப் பிறப்பவர்கள் என்பதும் உண்மை. அவரே அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு அதைத் தொடங்கியவர் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

பணம்? இந்தியாவில் அரசுகள் எல்லாம் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிட்டது 2021-22இல் உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025க்குள் 2.5 விழுக்காடு என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எழுதி வைத்தது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, பிரசவம் நீங்கலாக, கிராமத்தார் ஒருவர் அரசு மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்தால் ஆன சராசரி மருத்துவச் செலவு 4,290 ரூபாய், தனியாரில் 27,347 ரூபாய். அரசு நடத்தாவிட்டால் இந்தச் செலவு மறைந்துவிடாது, குடும்பத்தின் தலையில் இறங்கும். இலங்கை ஏழையாக இருந்த காலத்திலேயே, 1951இல், அரசு மருத்துவமனைக் கட்டணத்தை ஒழித்தது. தாய், சேய் இறப்பைக் குறைப்பதில் தெற்காசியாவுக்கே வழிகாட்டியானது. அதே இலங்கையில் 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. அரசு நடத்தும் மருத்துவம் அரசின் கஜானாவோடு சேர்ந்தே விழும் என்பதற்கு அது எச்சரிக்கை. மறுக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கடியில் காசு கொடுத்து வாங்குவோருக்கான தனியார் மருந்துக் கடையிலும் மருந்து இல்லை.

தனியார் மருத்துவமனைகளை மூட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கோவையின் பெருமைகளில் அவையும் உண்டு. நான் கேட்பது, ஒவ்வொரு வகைச் சிகிச்சையிலும் அரசின் சொந்தக் கை ஒன்று இருக்க வேண்டும் என்பது. 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகளில் ஐ.சி.யூ.வுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு உச்சவரம்பு போட்டது. அந்த எண்ணைச் சொல்ல அரசுக்குத் துணிவு வந்ததற்குக் காரணம், தன் ஐ.சி.யூ.வில் என்ன செலவாகிறது என்று அதற்குத் தெரிந்திருந்ததும், ‘கட்டுப்படியாகாது’ என்று கதவடைத்தால் நோயாளியை அனுப்பத் தன்னிடம் படுக்கை இருந்ததும்தான். மூட்டு மாற்று, புற்றுநோய்க் கதிரியக்கம், டயாலிசிஸ் என்று எந்தப் பிரிவில் அரசு ‘தனியார் செய்யட்டும், நாம் அட்டை தருவோம்’ என்று ஒதுங்குகிறதோ, பத்தாண்டில் அந்தப் பிரிவின் விலையைச் சொல்பவர் அரசாக இருக்க மாட்டார்.

இந்தக் கையை வலுவாக வைத்திருக்க யார் வற்புறுத்துவார்கள் என்பது கடைசிக் கேள்வி. குரல் உள்ளவர்கள் ஜி.எச்.சை விட்டுப் போய்விட்டார்கள். அரசு ஊழியர், ஆசிரியர் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்து அரசே அவர்களுக்குத் தனிக் காப்பீடு வாங்கித் தருகிறது. அந்தக் காப்பீட்டில் சேர்ந்த மருத்துவமனைகளின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் பெரும்பாலும் போவது தனியாரிடம். சுகாதாரத் துறையின் கோப்பில் கையெழுத்துப் போடுபவரும் அவர்களில் ஒருவர். அவசரச் சிகிச்சை நீங்கலாக, இந்தக் காப்பீட்டில் முதல் பரிசோதனையும் முதல் பரிந்துரையும் அரசு மருத்துவமனையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தால் என்ன? சங்கங்கள் எதிர்க்கும். அவர்கள் சொல்லும் காரணங்கள் வரிசை, அழுக்குக் கழிவறை, நிபுணர் இல்லாமை என்று இருக்கும். அந்தக் காரணங்களை எழுத்தில் வாங்கிப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கான அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டு விவாதத்தில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். வால்பாறையிலிருந்து இறங்கி வரும் தோட்டத் தொழிலாளி அதே காரணங்களைப் பல ஆண்டுகளாகச் சொல்லியும் அவை இன்னும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.